ஆறு பக்கம், முப்பது பதிவு

1903ஆம் ஆண்டு பெர்லினில் ஒலிப்பதிவுக் குழலின் முன்னால் வந்து நின்றபோது யோசஃப் யோவாகிமுக்கு வயது 72. பிராம்ஸ் தம் வயலின் கான்செர்ட்டோவை எழுதியது இவருக்காகத்தான். ஜெர்மனியின் வயலின் உலகில் அரை நூற்றாண்டாக அவர் வைத்ததே சட்டம். அன்று அவர் கிராமபோன் கம்பெனிக்கு ஐந்து பக்கங்கள் வாசித்துக் கொடுத்தார். இரண்டு, பாக் தனி வயலினுக்கு எழுதியவை. மற்ற மூன்றில் பின்னால் ஒரு பியானோ ஒலிக்கிறது. அதை வாசித்தவர் யாரென்று யாரும் எழுதி வைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகளாக அந்தத் தட்டுகள் மறுபடி மறுபடி வெளிவருகின்றன; ஒவ்வொரு முறையும் பியானோக் கலைஞரின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே வருகிறது.

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசித்த முதல் தட்டுகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஒருவருக்குப் பெயர், இன்னொருவருக்கு வேலை. அந்த இருவரும் சரிசமமாக ஒரே அட்டையில் வந்து உட்காரக் கால் நூற்றாண்டு பிடித்தது. வழிவிட்டது கலைஞர்களின் பெருந்தன்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வழிவிட்டவை மைக்கும் அட்டைப்பெட்டியும்.

மைக் வருவதற்கு முன்னால் ஒலிப்பதிவு அறையில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய தகரக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் விழும் ஓசை குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகட்டை அதிரவைக்கும். தகட்டோடு பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஓசையின் சொந்த பலத்தைத் தவிர ஊசியைத் தள்ள வேறு சக்தி கிடையாது. ஆகவே வயலின்காரர் குழலின் வாய்க்கு முட்டுகிறாற்போல நின்று வாசித்தார். மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழல் பொருத்திய ஒரு விசித்திர வயலினை அகஸ்டஸ் ஸ்ட்ரோ 1899இல் காப்புரிமை செய்திருந்தார். பல நிலையங்களில் அதுவும் புழங்கியது. பியானோவின் பாடு இன்னும் மோசம். நெட்டுக்குத்தான பியானோவின் பின்பலகையைக் கழற்றி, மேடை போட்டுத் தூக்கி வைத்து, மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்திலும் அடித்து வாசிக்கச் சொன்னார்கள். அப்படியும் இடக்கை வாசிக்கும் கீழ்ஸ்தாயி மெழுகில் ஏறவே இல்லை. கேட்பவருக்குக் கிடைத்தது, நன்றாகத் தெரியும் ஒரு வயலினும் பக்கத்து அறையில் யாரோ தட்டுவது போன்ற ஒரு பியானோவும்.

இந்த ஏற்பாடு இசையின் வரலாற்றையே தலைகீழாக்கியது. ஐரோப்பிய மரபில் வயலின் சொனாட்டா என்பது பியானோக்காரரின் சொத்தாகப் பிறந்த வடிவம். 1764இல் பாரிஸில் மோட்சார்ட்டின் முதல் படைப்புகள் அச்சேறின. எட்டு வயதுச் சிறுவன். அவை விசைப்பலகைச் சொனாட்டாக்கள், கூட ஒரு வயலினும் வாசிக்கலாம் என்ற அளவில் எழுதப்பட்டவை. வயலின் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. அங்கே பக்கவாத்தியம் வயலின்தான். கர்நாடக இசையில் பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்த பிறகு இருநூறாண்டாக அதைப் பாடகரின் பக்கத்தில் வைத்தே கேட்டுவரும் தமிழ்நாட்டு ரசிகருக்கு இதில் வியப்பு இருக்காது.

பீத்தோவன் இந்தக் கணக்கை மாற்றினார். 1803 மே மாதம் வியன்னாவின் ஆவ்கார்ட்டன் தோட்டத்தில், விடிந்து அதிக நேரமாகாத ஒரு கச்சேரியில், அவரே பியானோ வாசிக்க ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் வயலின் வாசித்தார். கரீபியத் தந்தைக்கும் ஐரோப்பியத் தாய்க்கும் பிறந்த பிரிட்ஜ்டவர் அன்றைய ஐரோப்பாவின் சிறந்த வயலின்காரர்களில் ஒருவர். மை காயாத சொனாட்டா. ஒரு பகுதியைப் பீத்தோவனின் கையெழுத்துப் படியையே எட்டிப் பார்த்து வாசிக்க வேண்டியிருந்தது. பிறகு இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது. சொனாட்டாவின் காணிக்கை ரொடோல்ஃப் க்ராய்ட்ஸர் என்ற வயலின்காரருக்குப் போய்விட்டது. அவரோ அதைப் பொதுமேடையில் ஒருமுறையும் வாசிக்கவில்லை. ஆனாலும் உலகம் அதைக் க்ராய்ட்ஸர் சொனாட்டா என்றே அழைக்கிறது. இரண்டு வாத்தியங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே ஓடும் அந்தச் சொனாட்டாவில் எது பக்கவாத்தியம் என்று கேட்பதற்கே இடமில்லை.

அடுத்த பெரிய உதாரணம் ஒரு கல்யாணப் பரிசு. 1886 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஆர்லோன் ஊரில் யூஜின் இசாயி என்ற இளம் வயலின் மேதைக்குத் திருமணம். செசார் ஃப்ராங்க் அவருக்கென்று எழுதிய சொனாட்டாவின் கையெழுத்துப் படி அன்று அவர் கைக்கு வந்து சேர்ந்தது. விருந்தாளிகளில் ஒருவரான லியோன்தீன் போர்ட்-பேன் பியானோவில் உட்கார, மாப்பிள்ளையே வயலினை எடுத்து விருந்தினருக்கு வாசித்துக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் ஓவியக் காட்சியகத்தில் பொது அரங்கேற்றம். குளிர்கால மாலை, ஓவியங்கள் இருக்கும் கூடத்தில் விளக்கேற்ற அனுமதி கிடையாது. முதல் பாகம் முடிவதற்குள் காகிதத்தில் எதுவும் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. மீதி மூன்று பாகங்களையும் இருவரும் மனப்பாடமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வாசித்து முடித்தார்கள். அங்கே உட்கார்ந்து கேட்ட இசையமைப்பாளர் வான்சான் தாந்தி பிற்பாடு அதை எழுதி வைத்திருக்கிறார்.

இதே இசாயி 1912இல் நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனிக்காகப் பதிவு செய்யத் தொடங்கினார். கமில் தெக்ரூ பியானோ. ஹங்கேரிய நடனம், மஸுர்க்கா, மெண்டல்சன் கான்செர்ட்டோவின் கடைசிப் பாகத்தைச் சுருக்கிய ஒரு பக்கம் என்று வரிசையாக வந்தன. ஃப்ராங்க் சொனாட்டா மட்டும் வரவில்லை. அதன் ஒரு பாகம்கூட இல்லை. யாருக்குக் கல்யாணப் பரிசாக வந்ததோ அவர் கையால் அது எப்படி ஒலித்தது என்று கேட்க வழியே இல்லாமல் போயிற்று.

காரணம் எளிது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, நாலரை நிமிடம் அடங்கும். ஃப்ராங்க் சொனாட்டா அரைமணிக்குச் சற்றுக் குறைவு. கம்பெனிகள் கேட்டது ஒரு பக்கத்துக்குள் முடியும் சரக்கு. அதனால் கச்சேரியின் கடைசியில் கைதட்டலுக்காக வாசிக்கும் துக்கடாக்களே இசைத்தட்டு உலகின் முதல் உருப்படிகள் ஆயின. இந்தச் சந்தையை ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர் அளவுக்குப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. வியன்னாக்காரரான அவர் ‘லீபஸ்லைட்’, ‘லீபஸ்ஃபிராய்ட்’ போன்ற மூன்று நான்கு நிமிடத் துண்டுகளைத் தாமே எழுதி, தாமே வாசித்து, வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். புன்யானி, லூயி கூப்பரான் போன்ற பழைய இசைமேதைகளின் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்ததாகச் சொல்லி இன்னும் பல துண்டுகளை வாசித்துவந்தார். 1935இல், அறுபது வயதில், அவையும் தாம் எழுதியவையே என்று சாவகாசமாக ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் சிலருக்குக் கோபம். ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

குழல் காலத்திலேயே சொனாட்டாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் மார்ஜரி ஹேவர்டு, ஊனா போர்ன் என்ற இரு பெண்கள் எச்.எம்.வி.க்காகச் சொனாட்டாக்களை வாசித்தார்கள். பெரும்பாலும் வெட்டிச் சுருக்கிய வடிவத்தில். 1923இல் பிரெஞ்சுக்காரர்களான ழாக் திபோ வயலினிலும் ஆல்ஃபிரெட் கோர்ட்டோ பியானோவிலுமாக ஃப்ராங்க் சொனாட்டாவைத் தட்டில் ஏற்றினார்கள். இவர்கள் பாப்லோ காசல்ஸுடன் மூவராகச் சேர்ந்து ஏற்கெனவே பல ஆண்டுகள் வாசித்தவர்கள். கோர்ட்டோ தனிக் கச்சேரியில் திபோவுக்குச் சற்றும் குறையாத பெயர் உள்ளவர்; அவருடைய பெயரை அட்டையில் சிறிதாகப் போட்டால் கம்பெனிக்குத்தான் நஷ்டம். ஆறு ஆண்டு கழித்து 1929இல் அதே இருவர் அதே சொனாட்டாவை மறுபடி பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இரண்டாவதில் புதிதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். அந்த ஆள் கோர்ட்டோவின் இடக்கை.

இடையில் வந்தது மைக். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும் உருவாக்கிய மின் ஒலிப்பதிவு முறையை 1925இல் விக்டரும் கொலம்பியாவும் வாங்கிக்கொண்டன. ஊசியைத் தள்ளும் வேலையை இனி மின்சாரம் பார்த்துக்கொள்ளும். கலைஞர் குழலுக்குள் தலையை நீட்ட வேண்டியதில்லை. கச்சேரி மேடைக்குரிய பெரிய பியானோவை அதற்குரிய இடத்தில் வைக்கலாம்; மெதுவாக வாசிக்க வேண்டியதை மெதுவாகவே வாசிக்கலாம்.

இந்த நேரத்தில்தான் விக்டர் கம்பெனி தன்னிடமிருந்த இரண்டு பெரிய மனிதர்களை ஒரே அறையில் உட்காரவைத்தது.

ஒருவர் க்ரைஸ்லர். மற்றவர் செர்கேய் ராக்மனினோவ். 1917 புரட்சியில் நிலபுலன்களை இழந்து ரஷ்யாவை விட்டு வெளியேறியவர். நாற்பத்தைந்து வயதில், இசையமைப்பதை ஓரங்கட்டிவிட்டு, பிழைப்புக்காகப் பியானோக் கச்சேரிகளில் இறங்கியவர். இருவருக்கும் சார்ல்ஸ் ஃபோலி என்ற ஒரே மேலாளர். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உண்மையான மதிப்பு. க்ரைஸ்லரின் ‘லீபஸ்லைட்’, ‘லீபஸ்ஃபிராய்ட்’ இரண்டையும் ராக்மனினோவ் பியானோவுக்கு மாற்றி எழுதியிருந்தார். 1914இல் ஆஸ்திரியப் படையில் சேர்ந்து ரஷ்யப் போர்முனையில் அடிபட்டுத் திரும்பியவர் க்ரைஸ்லர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அதெல்லாம் அவர்களுக்குள் ஒரு பேச்சாக இருந்ததாகத் தெரியவில்லை.

சண்டை வேறு விஷயத்தில் வந்தது. க்ரைஸ்லர் அதிகம் சாதகம் செய்யாதவர் என்று பெயரெடுத்தவர். மேடையில் அந்த நேரத்துக்கு எது வருகிறதோ அதுவே இசை என்ற சுபாவம். ராக்மனினோவ் வானொலியில் வாசிக்கவே மறுத்தவர். சரியென்று தாமே கேட்டு ஒப்பாத எந்தத் தட்டையும் வெளியே விடாதவர். 1928இல் இந்த இருவரும் மூன்று சொனாட்டாக்களைப் பதிவு செய்தார்கள். முதலில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் பீத்தோவனின் எட்டாவது சொனாட்டா. செப்டம்பரில் பெர்லினில் எட்வார்ட் க்ரீகின் சி மைனர் சொனாட்டா. டிசம்பரில் நியூயார்க்கில் ஷூபர்ட்டின் ஏ மேஜர் சொனாட்டா.

க்ரீக் சொனாட்டா மூன்று தட்டு, ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து முறை வாசித்தார்கள் என்று ராக்மனினோவே 1931இல் லண்டன் ‘கிராமபோன்’ பத்திரிகைக்குச் சொன்னார். ஆக முப்பது பதிவு. அவற்றில் சிறந்த ஆறை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டார்களாம். இவ்வளவு உழைப்பு க்ரைஸ்லருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதல் மாதிரித் தட்டைக் கேட்டதுமே பிரமாதம், அற்புதம் என்று க்ரைஸ்லர் எழுந்துவிடுவாராம். இன்னும் நன்றாக வரும் என்று ராக்மனினோவ் பிடிவாதம் பிடிப்பாராம். சேர்ந்து வேலை செய்தால் எப்போதும் சண்டைதான் என்று பத்திரிகைக்காரரிடம் அவர் சிரித்தபடி சொல்லியிருக்க வேண்டும். சொன்ன முறையில் பகை துளியும் இல்லை.

ஐந்து முறை என்பது இன்றைய காதுக்குச் சாதாரணம். அன்று மெழுகுத் தட்டை உடனே போட்டுக் கேட்க முடியாது. ஊசி வைத்தால் கோடு சிதைந்துவிடும். மெழுகின் மேல் உலோகம் பூசி, அச்செடுத்து, மாதிரித் தட்டு வந்த பிறகே எப்படி வாசித்தோம் என்று தெரியும். நாலு நிமிடத்தின் கடைசி நொடியில் ஒரு ஸ்வரம் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பதிவின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டுகிற வித்தை அப்போது கிடையாது. ஆகையால் அந்த ஆறு பக்கங்களில் கேட்பது முழுவதும் நிஜமாக ஒரே மூச்சில் நடந்தது. க்ரீகின் முதல் பாகத்தில் க்ரைஸ்லர் குழைந்து நீட்ட நினைக்கும் இடங்களில் பியானோ கொஞ்சமும் காத்திருக்காமல் நடக்கிறது. வயலின் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது. அந்தத் தட்டின் அழகே இந்த இழுபறிதான். இருவரும் ஒத்த மனத்தினராக இருந்திருந்தால் இதில் பாதி சுவைகூட இருந்திருக்காது.

மூன்றே சொனாட்டாக்கள், அதற்கு மேல் அவர்கள் சேர்ந்து பதிவு செய்யவில்லை. 1931இல் எழுதிய கொரெல்லி வேரியேஷன்ஸை ராக்மனினோவ் க்ரைஸ்லருக்குக் காணிக்கையாக்கினார். தனிப் பியானோவுக்கென்று அவர் எழுதிய கடைசிப் படைப்பு அது.

இந்தத் தட்டுகளின் உடம்பில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கற்பொடியையும் கரியையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் பசை அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளின் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரப்பதைச் சுரண்டியெடுத்து, உருக்கி, கல்கத்தா வழியாகக் கப்பலேற்றினார்கள். கிராமபோன் கம்பெனி 1908இலேயே கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வைத்திருந்தது. க்ரைஸ்லரும் ராக்மனினோவும் பதிவு செய்துகொண்டிருந்த அதே 1928இல் அது டம் டம்முக்கு இடம் மாறியது.

மூன்று தட்டைத் தனித்தனியாக விற்றால் ஒருவர் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். அதனால் தட்டுகளை உறைகளாகத் தைத்த அட்டைப் புத்தகத்தில் வைத்து, முதுகில் பெயர் பொறித்து, ஒன்றாக விற்கும் பழக்கம் வந்தது. 1909இலேயே ஓடியான் கம்பெனி சைக்காவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ தொகுப்பை நான்கு தட்டுகளாக விற்றிருக்கிறது. ஆனால் மின் ஒலிப்பதிவு வந்த பிறகே இது வழக்கமாக வேரூன்றியது. ஆல்பம் கனமானது, விலை அதிகம், கீழே போட்டால் உடையும். அதை வாங்குகிறவர் சொனாட்டா முழுவதையும் கேட்கத் தயாரானவர். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பவும் தயாரானவர். பாகத்தின் நடுவில் எந்த இடத்தில் நிறுத்தினால் காது கோணாது என்று பார்ப்பதும் கலைஞர்களின் பொறுப்பாயிற்று.

புதிய ஏற்பாட்டில் பிறந்த மிக விசித்திரமான ஜோடி அண்ணனும் தங்கையும். யஹூதி மெனுஹின் பத்து வயது முதல் உலகம் வியந்து பார்த்த பிள்ளை. அவருடைய தங்கை ஹெஃப்ஸிபா வீட்டிலேயே பியானோ படித்தாள். குழந்தைக்கு மேடை வாழ்க்கை வேண்டாமென்பது பெற்றோரின் தீர்மானம், குறிப்பாக அம்மாவின் தீர்மானம். 1933இல் பாரிஸில் மோட்சார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டா, கே. 526, பதிவாயிற்று. அண்ணனுக்கு 17, தங்கைக்கு 13. அந்தத் தட்டுக்குப் பிரான்சின் காந்தீத் பரிசு கிடைத்தது. இருவரும் பொதுமேடையில் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1934 அக்டோபரில், பாரிஸின் சால் ப்ளெயல் அரங்கில்தான். கச்சேரியில் பேரெடுத்துவிட்டுப் பதிவுக்கு வருவது அதுவரை இருந்த ஒழுங்கு. இங்கே முதல் ஆல்பம் முன்னால் வந்து கச்சேரிக்கு இடம் பிடித்துக் கொடுத்தது. தவிர, கே. 526 பியானோவுக்குச் சலுகையே காட்டாத சொனாட்டா. இடக்கையும் வலக்கையும் வயலினோடு சரிக்குச் சரி ஓட வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் அதில் அண்ணனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 1938இல் ஹெஃப்ஸிபா ஓர் ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணை உரிமையாளரை மணந்து விக்டோரியா மாநிலத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் 1981இல் இறக்கும்வரை, இடைவெளி விட்டு விட்டு, அண்ணனோடு வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

க்ரைஸ்லர் மறுபடி வருகிறார். பொருளாதார மந்தத்தில் தட்டு விற்பனை படுத்துவிட்டதால் எச்.எம்.வி.யில் வால்ட்டர் லெக் என்ற இளைஞர் ஒரு யோசனை சொன்னார்: முதலில் சந்தாதாரர்களிடம் பணத்தை வாங்கிவிட்டுப் பிறகு பதிவு செய்வோம். ஹூகோ வுல்ஃபின் பாடல்களுக்கு ஐந்நூறு சந்தா சேர்ந்தால் போதும் என்று தொடங்கிய திட்டம் பலித்தது. அதே வழியில் பீத்தோவனின் பத்து வயலின் சொனாட்டாக்களையும் 1935, 36ஆம் ஆண்டுகளில் லண்டனில் பதிவு செய்தார்கள். க்ரைஸ்லருக்கு 60 வயது. பியானோவில் ஃபிரான்ஸ் ரூப், 34. பத்தையும் ஒரே ஜோடி முழுமையாக வாசித்துத் தட்டில் ஏற்றியது அதுவே முதல் தடவை. ரூப் சுத்தமாக, மரியாதையாக, ஓரடி பின்னால் நின்று வாசிக்கிறார். எட்டாவது சொனாட்டாவை மட்டும் எடுத்து, ராக்மனினோவ் வாசித்ததையும் ரூப் வாசித்ததையும் ஒப்பிட்டால் போதும். வயலின் அதே மனிதர், சொனாட்டா அதே சொனாட்டா, ஆனால் முதலாவதில் இருவர் பேசுகிறார்கள், இரண்டாவதில் ஒருவர் பேச இன்னொருவர் தலையசைக்கிறார். ரூப் பின்னாளில் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு இருபத்தைந்து ஆண்டு பியானோ வாசித்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அதே காலத்தில் லண்டனுக்கு வந்து பார்லஃபோன் கம்பெனிக்கு மோட்சார்ட்டையும் பீத்தோவனையும் பதிவு செய்த ஷைமன் கோல்ட்பெர்க், லிலி க்ராவுஸ் ஜோடியின் கதை வேறு மாதிரி முடிந்தது. கோல்ட்பெர்க் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் முதல் வயலின் இருக்கையில் இருந்தவர். யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில் அதை விட்டு வெளியேறினார். இருவரும் உலகச் சுற்றுப்பயணமாக டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருந்தபோது ஜப்பானியப் படை ஜாவாவைப் பிடித்தது. இருவரையும் சிறைமுகாம்களில் அடைத்தார்கள். போர் முடிந்து வெளியே வந்தபோது, 1930களின் அந்தத் தட்டுகளே உலகத்துக்கு இவர்களை நினைவூட்டிக்கொண்டிருந்தன.

போர் தட்டுகளையும் விடவில்லை. ஆசியக் கடல்வழி ஆபத்தானதும் அரக்கு வரத்துக் குறைந்தது. 1942இல் அமெரிக்க அரசு தட்டுக்கான அரக்கை எழுபது சதவீதம் வெட்டியது. பழைய தட்டைத் திருப்பிக் கொடுத்து உருக்கச் சொன்னார்கள். அப்படி உருகிப்போனவற்றில் எத்தனை சொனாட்டாவோ.

அதற்குச் சற்று முன், 1940 ஏப்ரல் 13 அன்று, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் அரங்கில் யோசஃப் ஸிகெட்டி வயலினிலும் பேலா பார்டோக் பியானோவிலுமாக ஒரு கச்சேரி செய்தார்கள். இருவரும் ஹங்கேரியர்கள், பழைய நண்பர்கள். பார்டோக்கின் இரண்டு படைப்புகள், டெபூஸியின் சொனாட்டா, கூடவே அந்தக் க்ராய்ட்ஸர். நூலகம் தன் சேமிப்புக்காக அதைப் பதிவு செய்து வைத்தது. விற்பனைக்கு வந்தது 1960களில். அப்போது பார்டோக் இறந்து இருபது ஆண்டுகளாகியிருந்தன. ஒரு முழுக் கச்சேரியை, இருமலும் கைதட்டலுமாக, தட்டுக்கேற்ப வெட்டாமல் கேட்க முடிந்தது நீள்தட்டு வந்ததால்தான். 1948 ஜூனில் கொலம்பியா அறிமுகம் செய்த அந்த வினைல் தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. அரக்குக்கு வேலை போயிற்று. ஃப்ராங்கும் அவர் மாதிரி அரைமணி எழுதியவர்களும் ஒரே தட்டுக்குள் அடங்கினார்கள். மீதி இடத்துக்கு இன்னொரு சொனாட்டா தேட வேண்டியதாயிற்று.

இந்தப் புதிய தட்டின் பலனைக் காணாமலே போனவர்களும் உண்டு. பிரான்சின் வயலின்காரர் கினெட் நவோவும் அவருக்குப் பியானோ வாசித்த சகோதரர் ழான் நவோவும் போருக்குப் பின் ராவெலின் ‘ட்ஸிகான்’, டெபூஸியின் சொனாட்டா ஆகியவற்றைப் பதிவு செய்திருந்தார்கள். 1949 அக்டோபரில் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு இருவரும் பறந்த விமானம் அசோர்ஸ் தீவில் மலையில் மோதியது. கினெட்டுக்கு வயது 30.

நீள்தட்டுக் காலத்தின் ஜோடி என்று பலரும் முதலில் சொல்வது ஆர்தர் க்ரூமியோவையும் க்ளாரா ஹாஸ்கிலையும். பெல்ஜியத்து வயலின், ருமேனியப் பியானோ. 1950களின் பின்பாதியில் ஃபிலிப்ஸுக்காக மோட்சார்ட்டின் சில சொனாட்டாக்களையும் பீத்தோவனின் பத்தையும் வாசித்தார்கள். க்ரைஸ்லர்–ராக்மனினோவ் இழுபறி இவர்களிடம் இல்லை. ஒரு வாக்கியத்தை ஒருவர் பாதியில் விட, மற்றவர் முடிக்கிற சரளம். அதற்கு ஒரு காரணமும் உண்டு: ஹாஸ்கிலுக்கு வயலின் வாசிக்கத் தெரியும், க்ரூமியோவுக்குப் பியானோ தெரியும். ஓய்வு நேரத்தில் இருவரும் வாத்தியங்களை மாற்றிக்கொண்டு வாசிப்பார்களாம்.

க்ரூமியோ அதை விளையாட்டோடு விடவில்லை. 1950களின் கடைசியில், ஒலிநாடா கைக்கு வந்திருந்த தைரியத்தில், மோட்சார்ட்டின் கே. 481 சொனாட்டாவுக்கும் பிராம்ஸின் இரண்டாவது சொனாட்டாவுக்கும் இரண்டு பங்கையும் தாமே வாசித்துத் தட்டு வெளியிட்டார். ஒன்றைப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே மற்றொன்றை அதன்மேல் ஏற்றும் முறை. அட்டையில் வயலினுக்கும் பியானோவுக்கும் ஒரே பெயர். பியானோ நன்றாகவே வாசிக்கிறார். வயலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் சொனாட்டா கொஞ்சம் மந்தமாகத்தான் ஓடுகிறது. ஒரு பங்கு ஏற்கெனவே நாடாவில் உறைந்துவிட்டதால் மற்றது அதற்குப் பணிந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. எதிர்பாராமல் எங்கும் எதுவும் நடப்பதில்லை.

1960 டிசம்பரில் க்ரூமியோவோடு வாசிக்க பிரஸ்ஸல்ஸ் வந்திறங்கிய ஹாஸ்கில் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து அடிபட்டு, மறுநாள் இறந்தார். க்ரூமியோ பின்னர் பலரோடு வாசித்தார். 1970களின் நடுவில் பீத்தோவன் சொனாட்டாக்களுக்காக அவரோடு சேர்ந்தவர் சிலி நாட்டுக்காரரான க்ளாடியோ அர்ராவ். தனிக் கச்சேரிகளால் உலகப் பெயர் பெற்ற பியானோக்காரர். பீத்தோவனின் பத்துச் சொனாட்டாக்களையும் 1944இலேயே அதே காங்கிரஸ் நூலக அரங்கில் ஸிகெட்டியோடு வாசித்தவர். அப்போது மேடையில் ஒரே தடவை. இப்போது ஃபிலிப்ஸின் நிலையத்தில், வேண்டிய மட்டும் வாசித்து, நல்லதை எடுத்து ஒட்டிக்கொள்ளும் வசதியோடு.